உருளைக்கும் உருளைக்கும் நடுவே: கடலடி வண்டல் பதிவுகளை ஒரே தொடராக இணைக்கும் முறை

ஆழ்கடலின் தரையில் குழாயை இறக்கி எடுக்கப்படும் வண்டல் உருளையை ஆய்வுக்கூடங்களில் ‘கோர்’ என்றே சொல்வார்கள். ஜாய்டிஸ் ரெசல்யூஷன் போன்ற துளையிடும் கப்பல்களில் மென்மையான வண்டலை எடுக்கப் பயன்பட்ட பிஸ்டன் உருளைக் கருவி ஒரு முறைக்கு 9.5 மீட்டர் ஆழம் பாய்ந்து, ஏறத்தாழ ஆறரை செ.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் குழாயில் வண்டலை அடைத்துக்கொண்டு மேலே வரும். முதல் உருளை, இரண்டாம் உருளை, மூன்றாம் உருளை என வரிசையாக எடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் கடலின் வரலாறு முழுதாகக் கிடைத்துவிடும் என்றுதான் இத்துறைக்குப் புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். குழாய் நிரம்பி வந்திருக்கும். ஏட்டில் ‘நூறு விழுக்காடு மீட்பு’ என்று எழுதியிருக்கும். ஆனாலும் ஓர் உருளையின் அடிக்கும் அடுத்த உருளையின் தலைக்கும் நடுவே அரை மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் வரை வண்டல் காணாமற்போயிருப்பது வழக்கம். ஆயிரம் ஆண்டுக்கு ஒரு செ.மீ. வண்டல் சேரும் இடத்தில், ஒரு மீட்டர் விடுபட்டால் ஒரு லட்சம் ஆண்டுகள் விடுபட்டுவிட்டன என்று பொருள். இந்த இழப்பை ஈடுகட்டுவதற்காக அருகருகே இரண்டு, மூன்று துளைகள் இட்டு, ஒன்றில் விடுபட்டதை மற்றொன்றிலிருந்து நிரப்பி, தொடர்ச்சியான ஒரே பதிவை உருவாக்கும் முறையை இந்தக் கட்டுரை படிப்படியாக விளக்குகிறது.

இடைவெளி ஏன் உண்டாகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். அது புரியாவிட்டால் பின்னால் வரும் எண்கள் வெறும் கணக்காகவே தோன்றும். கப்பல் அலைகளின் மீது ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து இரண்டு, மூன்று கிலோமீட்டர் கீழே தொங்கும் குழாயின் முனையும் அதோடு சேர்ந்து சற்றே ஏறி இறங்குகிறது. எனவே கருவி பாயும் கணத்தில் முனை எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதைக் குழாயின் நீளத்தைக் கொண்டு மட்டும் துல்லியமாகச் சொல்ல இயலாது. துளையின் பக்கச் சுவரிலிருந்து சரிந்து விழும் சேறு அடுத்த உருளையின் தலையில் ஏறிக்கொள்கிறது. கருவியைப் பிடுங்கும்போது உறிஞ்சப்படும் வண்டல் அதன் அடியில் குழம்பாகச் சேர்கிறது. போதாக்குறைக்கு, மேலே வரும் வழியில் நீரின் அழுத்தம் குறைவதால் வண்டலே சற்று உப்பி நீள்கிறது. காணாமற்போனதற்குச் சமமான நீளத்தை இந்த உப்பலும் சேறும் நிரப்பிவிடுவதால்தான் குழாய் முழுதாக இருப்பதுபோல் தோன்றுகிறது.

1983-ஆம் ஆண்டு வட அட்லாண்டிக்கில் ஒரே தளத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் இட்டு, அவற்றின் அடுக்குகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தபோது இந்த இழப்பு கண்கூடாகத் தெரிந்தது. 1991-இல் கிழக்குப் பசிபிக்கின் நிலநடுக்கோட்டுப் பகுதிக்குச் சென்ற, பன்னாட்டுக் கடலடித் துளையிடும் திட்டத்தின் 138-ஆம் பயணத்தில், இணைக்கும் வேலையைக் கப்பலிலேயே முறைப்படி செய்யும் வழக்கம் உருப்பெற்றது. இன்றைக்கும் அடிப்படை அதுவேதான்.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. வங்காள விரிகுடாவின் தென்பகுதியில், தொண்ணூறு கிழக்கு முகடு எனப்படும் கடலடி மலைத்தொடரின் மீது, ஏறத்தாழ 2,900 மீட்டர் ஆழத்தில் யு1443 என்ற தளம் இருக்கிறது. இந்தியப் பருவமழையின் பழைய வரலாற்றைத் தேடி 2014 நவம்பர் இறுதியில் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட 353-ஆம் பயணத்தில் அங்கே துளையிட்டார்கள். 1988-இலேயே 758 என்ற எண்ணில் துளையிடப்பட்ட இடத்துக்கு மிக அருகில் மீண்டும் துளையிட்டதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று, இடைவெளியில்லாத தொடர் ஒன்றைப் பெறுவதே. பயிற்சிக்கு இந்தத் தளத்தின் தரவுகளையே பரிந்துரைப்பேன். அவை பொதுவில் கிடைக்கின்றன. சுமத்ராவின் டோபா எரிமலை உமிழ்ந்த சாம்பல் அடுக்குகள் இந்த முகட்டின் வண்டலில் பதிந்திருப்பதால், நீங்கள் போடும் இணைப்பு சரியா தவறா என்பதை நீங்களே சோதித்துக்கொள்ளவும் முடியும்.

பெயரையும் தரவையும் பழகுதல்

‘353–யு1443ஏ–5எச்–3, 45 செ.மீ.’ என்று எழுதியிருந்தால், 353-ஆம் பயணம், யு1443 தளம், ஏ துளை, பிஸ்டன் கருவியால் எடுத்த ஐந்தாம் உருளை, அதன் மூன்றாம் துண்டு, அத்துண்டின் தலையிலிருந்து 45 செ.மீ. என்று படிக்க வேண்டும். எண்ணை அடுத்து ‘எச்’ இருந்தால் பிஸ்டன் கருவி. ‘எஃப்’ இருந்தால் அதன் பாதி நீள வடிவம். ‘எக்ஸ்’ இருந்தால் சுழன்று அறுக்கும் கருவி. சுழன்று அறுத்த உருளைகளில் வண்டல் பிஸ்கட் அடுக்கியதுபோல் உடைந்து திரும்பியிருக்கும் என்பதால், புதியவர்கள் அந்தப் பகுதிக்குள் இப்போது போகவேண்டாம். ஒவ்வோர் உருளையும் ஒன்றரை மீட்டர்த் துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும். கப்பல் வழக்கப்படி துண்டின் தலைப்பக்கம் நீல மூடியும் அடிப்பக்கம் நிறமற்ற மூடியும் இருக்கும். தரவில் ஒரு துண்டு மட்டும் அக்கம்பக்கத்தோடு ஒட்டாமல் விநோதமாகத் தெரிந்தால், அது தலைகீழாக அளக்கப்பட்டதா என்று படத்தைத் திறந்து இந்த மூடிகளைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளலாம்.

இணைப்புக்குப் பயன்படுபவை, உருளையை வெட்டித் திறப்பதற்கு முன்பே சில செ.மீ.க்கு ஒரு முறை அளக்கப்படும் அளவுகள்: காந்த ஏற்புத்திறன் (வண்டல் எவ்வளவு எளிதில் காந்தமாகிறது என்பது), காமாக் கதிர் வழி கணிக்கும் அடர்த்தி, இயற்கைக் காமாக் கதிர்வீச்சு. திறந்த பின் எடுக்கும் நிற அளவும் உதவும். எதை முதன்மையாகக் கொள்வது என்பது இடத்தைப் பொறுத்தது. ஆறுகள் கொண்டுவரும் களிமண்ணும் எரிமலைச் சாம்பலும் கலக்கும் வங்காள விரிகுடாவில் காந்த ஏற்புத்திறனைத்தான் நான் முதலில் எடுப்பேன். சுண்ணாம்புச் சேறே நிறைந்து காந்தக் கனிமங்கள் மிகக் குறைவாக உள்ள இடத்தில் அந்த அளவு கருவியின் இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். அங்கே நிறமும் அடர்த்தியும்தான் கைகொடுக்கும். எதை முதன்மையாகக் கொண்டாலும், இரண்டாவது ஓர் அளவு அதே இணைப்பை ஒப்புக்கொள்கிறதா என்று பார்க்காமல் எதையும் உறுதிசெய்யக் கூடாது.

தரவைத் துப்புரவு செய்தல்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பின்னால் அதிகம் வருந்துகிறார்கள். ஒவ்வோர் உருளையின் முதல் சில பத்து செ.மீ.யை உருளையின் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எஃகுக் குழாயிலிருந்து உதிரும் துருச் செதில்கள் உருளையின் தலையில் வந்து படிவதுண்டு. அவை காந்த ஏற்புத்திறனை மற்ற இடங்களைவிடப் பல மடங்கு உயர்த்திக் காட்டும். திரையில் அது அழகான, கூர்மையான சிகரமாக நிற்பதால், இரண்டு துளைகளிலும் உள்ள அத்தகைய சிகரங்களை ஒன்றோடொன்று பொருத்தும் ஆசை தானாக வரும். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு துருக்குவியல்களைப் பொருத்துவதாகத்தான் அது முடியும். தலைப்பகுதிக் குழம்பலையும் அடியில் உறிஞ்சப்பட்ட பகுதியையும் நீக்குங்கள். துண்டின் இரு முனைகளிலும் உணர்கருவி காற்றையும் சேர்த்து அளந்திருக்கும் என்பதால் அந்த இரண்டு, மூன்று புள்ளிகளையும் எடுத்துவிடுங்கள். வாயுவினால் விரிசல் விட்ட இடங்களில் அடர்த்தி திடீரெனச் சரிந்து காட்டும், அவற்றையும் நீக்குங்கள். நீக்கியவற்றை அழித்துவிடாமல், தனிக் கோப்பில் காரணத்தோடு எழுதி வையுங்கள்.

நங்கூர உருளையும் நகர்த்தும் கணக்கும்

எல்லாத் துளைகளின் முதல் உருளைகளையும் பார்த்து, கடல்தரையின் மேற்பரப்பு கலையாமல் வந்திருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குழாயின் மேற்பகுதியில் தெளிந்த கடல்நீரும், அதன் கீழ் நீர்த்த பழுப்பு வண்டலும் இருந்தால் அது நல்ல அடையாளம். அந்த உருளையின் தலையே சுழி ஆழம். அதை நகர்த்துவதில்லை, மற்ற எல்லா உருளைகளும் அதை ஒட்டியே இடம் பெறும்.

இனி விதி ஒன்றே ஒன்று: ஓர் உருளையை முழுதாக மேலோ கீழோ நகர்த்தலாம், இழுக்கவோ சுருக்கவோ கூடாது. இந்த விதி ஏன் இவ்வளவு கண்டிப்பானது என்று கேட்பவர்கள் உண்டு. இழுக்க அனுமதித்துவிட்டால் எந்த உருளையையும் எந்த உருளையோடும் பொருத்திவிட முடியும். அப்போது பொருத்தம் என்பதே சான்றாக இல்லாமற்போய்விடும்.

பயிற்சிக்காக நானே அமைத்த எண்களைக் கொண்டு கணக்கைப் பார்ப்போம். ஏ துளையில் மூன்று உருளைகள்: முதலாவது 0 முதல் 5.0 மீ., இரண்டாவது 5.0 முதல் 14.5 மீ., மூன்றாவது 14.5 முதல் 24.0 மீ. பி துளையில் முதலாவது 0 முதல் 9.0 மீ., இரண்டாவது 9.0 முதல் 18.5 மீ. இவையெல்லாம் துளையிட்டவர்கள் குழாய் நீளத்தைக் கொண்டு குறித்த துளை ஆழங்கள். இரு துளைகளிலும் உருளை முடியும் இடங்கள் வேண்டுமென்றே மாறிமாறி வரும்படி வைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். ஒரே ஆழத்தில் இரண்டும் முடிந்தால் இரண்டிலும் ஒரே பகுதி விடுபட்டு, இரண்டாவது துளை வீணாகிவிடும். இதனால்தான் கப்பலில் இணைப்பு வேலை செய்பவர், உருளைகள் வரவர வேகமான ஓர் அளவைப் பார்த்துக்கொண்டே, அடுத்த உருளையை எந்த ஆழத்தில் தொடங்க வேண்டும் என்று துளையிடுபவர்களுக்கு உடனுக்குடன் சொல்கிறார்.

பி துளையின் முதல் உருளையை நங்கூரமாகக் கொள்வோம். அதில் 7.85 மீட்டரில் ஒரு சாம்பல் அடுக்கு. அதே அடுக்கு ஏ துளையின் இரண்டாம் உருளையில் 7.20 மீட்டரில் தெரிகிறது. எனவே அந்த உருளை முழுவதையும் 0.65 மீ. கீழே நகர்த்த வேண்டும். இப்போது அதன் இடம், கூட்டு ஆழம் எனப்படும் புதிய அளவுகோலில், 5.65 முதல் 15.15 மீ. ஏ துளையின் முதல் உருளை (அதற்கு நகர்வு இல்லை என்று கொள்வோம்) 5.0 மீட்டரில் முடிந்தது என்பதால், அவ்விரண்டுக்கும் நடுவே 65 செ.மீ. விடுபட்டிருந்தது இப்போதுதான் தெரிகிறது.

அடுத்து, ஏ இரண்டாம் உருளையில் துளை ஆழம் 12.00 மீட்டரில் உள்ள சிகரம், பி இரண்டாம் உருளையில் 11.30 மீட்டரில் இருக்கிறது. ஏ உருளையின் அந்தப் புள்ளி கூட்டு ஆழத்தில் 12.65 மீ. ஆகவே பி இரண்டாம் உருளையின் நகர்வு 12.65-இலிருந்து 11.30-ஐக் கழித்தால் கிடைக்கும் 1.35 மீ.; அதன் இடம் 10.35 முதல் 19.85 மீ. இங்கே பலர் தடுமாறுவார்கள்: 12.00-இலிருந்து 11.30-ஐக் கழித்து 0.70 என்று எழுதிவிடுவார்கள். மேலிருக்கும் உருளை ஏற்கனவே நகர்ந்துவிட்டது; அந்த நகர்வு கீழே வரும் எல்லாவற்றோடும் சேர்ந்துகொண்டே போகும். இதே வழியில், பி இரண்டாம் உருளையின் 16.75 மீட்டரில் உள்ள அடையாளம், கூட்டு ஆழத்தில் 18.10 மீ.; அது ஏ மூன்றாம் உருளையில் 16.10 மீட்டரில் தெரிந்தால், அந்த உருளையின் நகர்வு 2.00 மீ., இடம் 16.50 முதல் 26.00 மீ.

உருளை, நகர்வு, எந்த உருளையின் எந்தப் புள்ளியைக் கொண்டு பொருத்தியது, எந்த அளவைப் பார்த்தது, எவ்வளவு நம்பிக்கை என்ற ஐந்தையும் ஒரு பட்டியலில் எழுதுங்கள். பொருந்தும் அடையாளம் எதுவும் கிடைக்காத உருளைக்கு, மேலுள்ள உருளையின் நகர்வை வைத்தோ பொதுவான நீட்சி விகிதத்தை (கூட்டு ஆழம் துளை ஆழத்தைவிட எத்தனை விழுக்காடு கூடுகிறது என்பதை) வைத்தோ ஓர் இடத்தை மதிப்பிட்டு வைக்கலாம். ஆனால் அதை ‘பொருத்தியது’ என்று எழுதாமல், ‘மதிப்பிட்டது’ என்றே எழுத வேண்டும்.

பொருத்தத்தை எப்படி நம்புவது

கோரிலேட்டர் என்ற இலவச மென்பொருள் இந்த நகர்த்தலைத் திரையில் செய்ய உதவும். இரண்டு வளைகோடுகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று ஓர் எண்ணும் காட்டும். அந்த எண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மென்பொருளைத் திறப்பதற்கு முன், இரு துளைகளின் வளைகோடுகளையும் ஒரே அளவில் டிரேசிங் தாளில் அச்சிட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, கையால் நகர்த்திப் பார்ப்பதைத்தான் என்னிடம் கற்க வருபவர்களுக்கு முதல் நாள் வேலையாகத் தருகிறேன். எந்தப் பகுதியின் வடிவம் வேறெங்கும் வராதது, எது மீண்டும் மீண்டும் வருவது என்பது கைக்கும் கண்ணுக்கும் அப்போதுதான் பழகும்.

மீண்டும் மீண்டும் வருவதுதான் இந்த வேலையின் பெரிய ஆபத்து. புவி அச்சின் சாய்வு ஏறத்தாழ 41,000 ஆண்டுக்கு ஒரு முறை கூடிக் குறைகிறது. வண்டலிலும் அந்தச் சுழற்சி ஏறி இறங்கும் அலையாகப் பதிகிறது. ஆயிரம் ஆண்டுக்கு ஒரு செ.மீ. சேரும் இடத்தில் அடுத்தடுத்த அலைகளின் தூரம் 41 செ.மீ. ஓர் அலையைத் தவறவிட்டுப் பொருத்தினாலும் படம் நன்றாகவே இருக்கும். கற்றுக்கொண்ட காலத்தில் நானும் அப்படிச் செய்திருக்கிறேன். ஐந்து அலைகள் வரிசையாக ஒத்துப்போயின. ஒத்திசைவு எண்ணும் உயர்ந்திருந்தது. மூன்று உருளைகளை அதன்மேல் அடுக்கியும்விட்டேன். பிறகு உருளைப் படங்களைத் திறந்து பார்த்தபோது, ஒரு துளையில் விரற்கடை அளவுள்ள சாம்பல் நிற அடுக்கு ஒன்று, மற்றத் துளையில் நான் குறித்திருந்த ஆழத்துக்கு அரை முழம் கீழே இருந்தது. அடுக்கின் அடிவிளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாகவும், மேல்விளிம்பு புழுக்கள் கிளறியதால் கலங்கியும் இருந்தது. இரு படங்களிலும் அதே அடையாளம் என்பதில் ஐயமே இல்லை. மூன்று உருளைகளையும் கழற்றி மீண்டும் அடுக்க இரண்டு நாள் ஆயிற்று.

அன்று முதல் ஒவ்வோர் இணைப்பையும் இப்படித்தான் சோதிக்கிறேன்: முதலில் சாம்பல் அடுக்கு, நிறம் மாறும் கோடு போன்ற கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தைப் படத்தில் தேடுவது; பிறகு இரண்டாவது அளவு ஒப்புக்கொள்கிறதா என்று பார்ப்பது; அதன்பின் காலக்குறிகள். ஏறத்தாழ 7,73,000 ஆண்டுகளுக்கு முன் புவியின் காந்தப்புலம் திசை மாறிய எல்லை, ஒரு நுண்ணுயிர் இனம் மறையும் மட்டம் ஆகியவை எல்லாத் துளைகளிலும் கூட்டு ஆழத்தில் ஒரே இடத்தில் வர வேண்டும். டோபாவின் கடைசிப் பெருவெடிப்பு ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. அதன் சாம்பல் வங்காள விரிகுடாத் தளங்களில் கிடைக்குமானால் அதைவிட உறுதியான சோதனை வேறில்லை.

ஒட்டுத் தொடரை உருவாக்குதல்

எல்லா உருளைகளும் தம்தம் இடத்தில் நின்றபின், அவற்றிலிருந்து ஒரே பாதையைத் தேர்ந்தெடுப்பதே கடைசிக் கட்டம். நம் எடுத்துக்காட்டில் அது இப்படி அமையும்: 0 முதல் 7.85 மீ. வரை பி முதல் உருளை, அங்கிருந்து 12.65 மீ. வரை ஏ இரண்டாம் உருளை, பிறகு 18.10 மீ. வரை பி இரண்டாம் உருளை. அதன்பின் ஏ மூன்றாம் உருளை. மாறும் புள்ளி ஒவ்வொன்றும் இரு உருளைகளின் முனையிலிருந்தும் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி இருப்பதைப் பாருங்கள். முனைகளில் வண்டல் குலைந்திருக்கும் என்பதால் மாறும் புள்ளியை அங்கே வைக்கவே கூடாது. மாறும் புள்ளி, பொருத்தத்துக்குப் பயன்பட்ட அடையாளத்தின் மீதே இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். உருளைகளை இழுக்கவோ சுருக்கவோ இல்லை என்பதால், அந்தப் புள்ளியிலிருந்து விலக விலக இரண்டு துளைகளின் அடுக்குகளும் சில செ.மீ. முதல் சில பத்து செ.மீ. வரை விலகியிருக்கும். அது பிழையன்று, அருகருகே உள்ள இரண்டு துளைகளிலும் வண்டல் ஒரே கனத்தில் படிவதுமில்லை, ஒரே அளவில் நீள்வதுமில்லை.

உருளைகளை அடிக்கடி மாற்றாதீர்கள். நல்ல உருளை ஒன்று கிடைத்தால் முடிந்தவரை அதிலேயே தொடருங்கள். ஒவ்வொரு மாற்றமும் தவறு நேரக்கூடிய ஓர் இடம். பட வரிசையை மாறும் புள்ளிகளில் வெட்டி ஒட்டிப் பார்த்தால், நிறமும் அடுக்குகளும் தையல் தெரியாமல் தொடர வேண்டும்.

முடிவில் ஓர் எச்சரிக்கை மிச்சமிருக்கிறது. கூட்டு ஆழம் பொதுவாகத் துளை ஆழத்தைவிட நீளமாகவே வரும். பத்து முதல் பதினைந்து விழுக்காடு வரை கூடுவது வழக்கம். நம் எடுத்துக்காட்டில் 14.5 மீட்டரில் தொடங்கிய உருளை 16.50 மீட்டரில் நிற்கிறது. ஏறத்தாழ 14 விழுக்காடு நீட்சி. உருளைகள் மேலே வந்து உப்பியதும் இதில் அடங்கியிருப்பதால், வண்டல் சேர்ந்த வேகத்தைக் கணக்கிடும்போது இந்த விகிதத்தால் வகுத்து உண்மையான தடிப்புக்குத் திரும்ப வேண்டும். அதைச் செய்யாமல் வேகத்தை வெளியிட்டால், கடலில் படிந்ததைவிட அதிகமான வண்டல் உங்கள் அட்டவணையில் இருக்கும்.

ஒட்டுத் தொடருக்கு வெளியே உள்ள பகுதிகளிலிருந்தும் மாதிரி எடுக்க நேர்ந்தால், அந்த உருளையின் அடுக்குகளை ஒட்டுத் தொடரின் அடுக்குகளோடு ஒவ்வொன்றாகப் பொருத்தி, அதற்கு மட்டும் இழுக்கவும் சுருக்கவும் அனுமதிக்கும் தனி அட்டவணை தயாரிக்கலாம். தொடர் முழுதாக அமைந்தபின் செய்யும் வேலை என்பதால் இங்கே அது பாதுகாப்பானது.

பதிப்பு எண்ணும் தேதியும் இட்டு, நகர்வுப் பட்டியலையும் ஒட்டுப் பட்டியலையும் சேமித்து, அளவைத் தரவுகளோடு சேர்த்தே பிறருக்கு அனுப்புங்கள். அட்லாண்டிக்கின் சியரா ரைஸ் பகுதியில் 1994-இல் எடுத்த உருளைகளின் ஒட்டுத் தொடர், இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்து, உருளைப் படங்களை மீண்டும் ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வில் திருத்தப்பட்டது. எந்த உருளை எந்தப் புள்ளியில் பொருத்தப்பட்டது என்ற பழைய பட்டியல்கள் இருந்ததால்தான், எங்கே மாற்றுவது என்று அவர்களால் பார்க்க முடிந்தது. மாதிரி எடுக்கும் நாளில், ஒவ்வொரு மாறும் புள்ளிக்கும் மேலும் கீழும் சுமார் 20 செ.மீ. தூரத்துக்கு இரண்டு உருளைகளிலிருந்தும் எடுத்துவிடுங்கள். ஃபோராமினிஃபெரா என்னும் கடல் நுண்ணுயிர்களின் ஓடுகளில் அளக்கும் ஆக்சிஜன் ஐசோடோப்பு மதிப்புகள் அந்த 40 செ.மீ.யில் இரண்டிலும் ஒன்றாகவே ஏறி இறங்கினால் இணைப்பு நிற்கும்; இல்லையென்றால் பட்டியலைத் திறந்து அந்த உருளையிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.